தொடக்கூடாத திருகு

ஜனவரி 9, வெள்ளி

டேப்லெட்டையும் இன்று துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்துவிட்டேன். அவர் விரல் அதன்மேல் விழுகிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஒரே எழுத்து திரை முழுக்க வரிசையாக ஓடுகிறது. கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

அறையில் எங்கே திரும்பினாலும் கம்ப்யூட்டர்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்தவர் வீட்டில் வேறு என்ன இருக்கும்? மூலையில் பெரிய டெஸ்க்டாப் — கை மேசைக்கு எழும்பாமல் போனபோது அதற்கு உறை போட்டோம். அப்புறம் மடியில் லேப்டாப்; அந்தக் கனத்தைத் தொடை தாங்கவில்லை. அப்புறம்தான் டேப்லெட். பரணில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் கிடக்கிறது, கல்யாணமான புதிதில் வாங்கியது. பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். டீவியில் மாட்டிக் கேசட்டை ஓடவிட்டால் கீச்சுகீச்சென்று கத்தி ஓய்ந்த பிறகுதான் விளையாட்டே வரும். "இதுக்குள்ள ஒலகமே இருக்கு பாரு" என்பார். அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் நானும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். மெஷின் சின்னதாக ஆக ஆக உலகம் பெரிசாகும் என்றும் சொன்னார். எங்கே பெரிசாயிற்று? இந்தக் கட்டில் அளவுக்கு வந்து நிற்கிறது.

அவருக்குப் பேச்சு போய் வெகு நாளாயிற்று. நரம்பு ஒவ்வொன்றாகச் சாகும் நோய். மூளையை மட்டும் விட்டுவைக்குமாம். எதற்கு? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கிடக்கவா?

ஜனவரி 18, ஞாயிறு

மகள் புது ஏற்பாட்டை முடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். விரல் ஓடிக்கொண்டிருந்தபோதே அவர் டேப்லெட்டில் சொல்லச் சொல்ல, இவள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உட்கார்ந்து பற்றவைத்தது. சீட்டுக்கட்டு அளவில் ஒரு பலகை, சோப்பு டப்பாவுக்குள். அதுதான் கம்ப்யூட்டராம்! அதை டீவியில் மாட்டியிருக்கிறது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் டீவிக்கே வந்துவிட்டோம். காலடியில் ஒரே ஒரு பொத்தான். வலது கால் கட்டைவிரல் ஒன்றுதான் இன்னும் அவர் சொன்னதைக் கேட்கிறது.

டீவியில் பெட்டி பெட்டியாகச் சொற்கள்: தண்ணி, ஃபேன், லைட், தலையைத் திருப்பு, வலி, வேண்டும், வேண்டாம், கடைசியில் எழுத்து. மஞ்சள் வெளிச்சம் ஒன்று அவற்றை வரிசையாகத் தாண்டிப் போகும். கடைசிப் பெட்டி முடிந்ததும் மறுபடி தண்ணிக்கு வரும். வேண்டிய பெட்டியில் நிற்கும்போது மிதித்தால் டப்பா அதைச் சொல்லும், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்புக் குரலில். எழுத்து என்ற பெட்டியை மிதித்தால் அகர வரிசை விரியும். பொறுக்கிப் பொறுக்கி என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

டப்பாவின் பக்கவாட்டில், ரேடியோவில் இருக்குமே, அப்படி ஒரு திருகு. வெளிச்சம் ஓடும் வேகத்துக்காம். அவர் வைக்கச் சொன்ன வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது, கொஞ்சம் குறைத்தேன். வந்ததே கோபம்! "தொட்டா கை ஒடியும்" என்று எழுதினார். நான் பழையபடி வைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். எதிலும் அவருக்கு வேகம் வேண்டும். கல்யாண மண்டபத்திலேயே என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தவர்.

"அப்பா, அவசரத்துக்குக் கண்ணைச் சிமிட்டியாவது ஆமா, இல்லன்னு சொல்லுங்களேன்" என்றாள் மகள்.

பதில் வர நேரமாயிற்று. "நான் என்ன டிராஃபிக் சிக்னலா?"

விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவள் மாடிப்படியில் நின்று அழுதாள்.

ஜனவரி 30, வெள்ளி

"டீ நல்லா இல்ல" என்று அவர் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

பிப்ரவரி 17, செவ்வாய்

டாக்டர் வீட்டுக்கே வந்தார். மூச்சு குறைந்துகொண்டு வருகிறது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் மெஷின் மூச்சு கொடுக்கும். நோய் போகாது, நாள் கூடும், அவ்வளவுதான். வேண்டாமென்றால் கஷ்டம் தெரியாமல் பார்த்துக்கொள்வார்களாம். எதைக் கஷ்டம் தெரியாமல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"யோசிக்கட்டும். அவர்தான் சொல்லணும். நீங்க அவருக்காகப் பேசிடாதீங்கம்மா" என்றார்.

நான் பேசவில்லை. "உங்க இஷ்டம்ங்க" என்றேன். என்ன வாயோ இது! இருங்க, என்னை விட்டுட்டுப் போகாதீங்கன்னு காலைக் கட்டிக்கிட்டுக் கதறியிருக்க வேண்டாமா? பெரிய நாகரிகம் பார்த்தேன்.

மார்ச் 5, வியாழன்

வேண்டாம் என்றுவிட்டார்.

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகத்தான் கேட்டார். "குழாய் வெச்சுக்கலாமா? வேணுமா, வேண்டாமா?" வெளிச்சம் ஓடியது. கட்டைவிரல் அசைந்தது. "வேண்டாம்" என்றாள் அந்த ரயில்வேக்காரி, ஏதோ வண்டி தாமதம் என்பது போல.

உடனே மறுபடி மிதித்தார். "தண்ணி." பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். மறுபடி "தண்ணி." மறுபடியும் "தண்ணி." கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. நான்தான் துடைத்தேன்.

"களைச்சுப் போயிட்டார். விட்டுடுங்கம்மா" என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

நான் திரும்பக் கேட்கவில்லை. அந்தச் சொல்லை இன்னொரு தரம் கேட்கிற தெம்பு எனக்கில்லை.

மார்ச் 6, வெள்ளி

எனக்காகக்கூட இருக்கத் தோணலையா உங்களுக்கு?

மார்ச் 11, புதன்

மூளையை விட்டுவைக்கும் என்றதும் பொய்தான் போலிருக்கிறது. நட்ட நடுப் பகலில் லைட் கேட்கிறார். போடுகிறேன். முகம் வேர்த்துக் கொட்டுகிறது, மறுபடி லைட். தண்ணி தண்ணி என்கிறார். கொடுத்தால் உதட்டோடு நின்றுவிடுகிறது, உள்ளே வாங்குவதில்லை. இன்று "வலி" என்றார். எங்கே என்று தலையிலிருந்து கால்வரை அமுக்கிப் பார்த்தேன். மறுபடி "வலி."

கத்திவிட்டேன். "என்னதாங்க வேணும்? ஏன் இப்படி உயிர வாங்குறீங்க?"

போகப்போகிற மனுஷனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் இல்லாமல், அவர் புத்தியும் இல்லாமல், இந்தப் பெட்டிகளுக்கு நடுவில் நான் என்ன செய்யப்போகிறேன்? எனக்கு முன்னால் ஒன்றுமே தெரியவில்லை.

மார்ச் 14, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். எப்போதும் நான் இருப்பது தலைமாட்டில். அங்கிருந்து அவர் கால் தெரியாது. டீவியில் வெளிச்சம் ஃபேனுக்கு வந்தது. கட்டைவிரல் லேசாகத் துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது. அது பொத்தானை அமுக்கி முடிப்பதற்குள் வெளிச்சம் நகர்ந்துவிட்டது. "லைட்" என்றது டப்பா.

நான் நகவெட்டியைப் பிடித்தபடி அப்படியே இருந்தேன். அடுத்த சுற்று. ஃபேனில் துடிப்பு. லைட்டில் சத்தம்.

ஓடிப்போய் ஃபேனைப் போட்டேன். அவர் கண் என் முகத்தைவிட்டு நகரவேயில்லை.

ஐயோ. தலையைத் திருப்பச் சொன்னால் வலி. எழுத வேண்டுமென்றால் எழுத்துக்கு அடுத்தது தண்ணி. அப்படியானால் அன்றைக்கு — வேண்டாமுக்கு முந்தின பெட்டி எது?

திருகைப் பிடித்துக் குறைத்தேன். கை ஒடியட்டும். அது முட்டி நிற்கிறவரைக்கும் குறைத்தேன். வெளிச்சம் ஊர்ந்தது.

"என்னங்க. குழாய் வெச்சுக்கலாமா?"

தண்ணி போயிற்று. ஃபேன் போயிற்று. வலி போயிற்று. வேண்டும் என்ற பெட்டியில் வெளிச்சம் வந்து நின்றது. விரல் துடித்தது, துடித்தது, அமுக்கியது.

"வேண்டும்."

அதோடு விடவில்லை. அடுத்த சுற்றில் எழுத்தை மிதித்தார். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. எனக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் அவரையே முடிக்க விட்டேன். "எத்தன தடவ சொன்னேன்."

அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு பெட்டி முன்கூட்டியே மிதித்தும் பார்த்தாராம், பிறகு எழுதிக் காட்டினார். சனியன் பிடித்த விரல் அப்போதென்று பார்த்துத் தாமதிக்காமல் அந்த முந்தின பெட்டியையே அமுக்கிவிடுமாம். இத்தனை நாள் இந்த மனுஷன் உயிர் வேண்டும் உயிர் வேண்டும் என்று கத்தியிருக்கிறார், நான் லைட்டைப் போட்டு லைட்டை அணைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு நீங்க வேணும். கேட்டுதா? எனக்கு வேணும்" என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது.

டாக்டருக்குப் போன் செய்தேன். "ஆம்புலன்ஸ் அனுப்பறேன். கிளப்புங்க" என்றார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மூச்சு மெஷினின் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்டேன். இப்போது அது நின்றால்தான் விழிப்பு வரும்.

நல்ல செய்தி ஒன்றும் இல்லை. விரல் இன்னும் தளர்ந்துவிட்டது. திருகில் குறைக்க இனி இடமில்லை. அடுத்தது கண் அசைவைப் பார்த்து எழுதுகிற கம்ப்யூட்டர் என்கிறாள் மகள். அதற்கப்புறம் என்ன என்று அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. நாள் முழுக்க நான் கால்மாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று காலையில் தொடங்கி மத்தியானம் வரை அவர் ஒரே வாக்கியம் எழுதினார். கண் மூச்சு மெஷின் பக்கமே போய்ப் போய் வந்தது. "அதுக்குள்ளயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. தெறந்து பாக்கணும்."

"தொட்டீங்கன்னா கை ஒடியும்" என்றேன்.