பத்துக்கு எட்டு

மார்ச் 4

அன்புள்ள போட்டோக்காரருக்கு,

நலம். அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

புது ஆய்வகத்தில் நம் பழைய வேலையைத் திரும்பச் செய்து பார்த்தேன். தைமஸ் சுரப்பியில் வளரும் நோய் எதிர்ப்பு செல் இரண்டாகப் பிரியும்போது, திசை காட்டும் புரதம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, அது கிடைத்த பாதி ஒரு விதமாகவும் கிடைக்காத பாதி வேறு விதமாகவும் வளர்கிறது என்று கட்டுரை எழுதினோமே. பத்துக்கு எட்டு செல்லில் அப்படி என்றோம். மூன்று தடவை எண்ணிவிட்டேன், ஆறுக்கு மேல் வரமாட்டேன் என்கிறது. அந்த எட்டை நம்பித்தான் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தது நீங்கள், எண்ணியது நான். எல்லாப் படங்களையும் கொடுத்தீர்கள்தானே?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கணக்கு டீச்சர்


மார்ச் 15

என் கணக்கு டீச்சருக்கு,

நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். உப்புதான் கூடிப்போகிறது.

உன்னிடம் மறைத்துப் பயனில்லை. எல்லாப் படங்களையும் கொடுக்கவில்லை. நம் குழந்தை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போன சமயம் அது. நீ முதல் கட்டுப் படங்களை எண்ணிவிட்டு, "எட்டுங்க, பத்துக்கு எட்டு வருது" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். இரண்டு மாதத்தில் அன்றுதான் சிரித்தாய். அதன்பிறகு, புரதம் ஒதுங்காமல் பரவிக் கிடந்த செல்களின் படங்களைப் பொறுக்கி நானே வைத்துக்கொண்டேன். அழிக்க மனசு வரவில்லை.

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் போட்டோக்காரன்


மார்ச் 22

அந்தப் படங்களை அனுப்புங்கள். வேறெதுவும் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 6

பென்டிரைவ் வந்தது. சொன்னபடி ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பியிருக்கிறீர்கள்.

நாற்பத்தொரு படம். பழையவற்றோடு சேர்த்து எண்ணினேன். ஆறு வந்தது. இங்கே வருகிற அதே ஆறு. தற்செயலாக நடந்தால் பத்துக்கு மூன்றைத் தாண்டாது. ஆக, நாம் கண்டது உண்மைதான்.

ஆனாலும் எட்டு என்று போட்டது பொய், அதனால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். இங்கே இயக்குநரிடமும் சொன்னேன். "ஆறுன்னே போட்டிருக்கலாமேம்மா, அப்பவும் உங்களை எடுத்திருப்போம்" என்றார். மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. அக்கா வீட்டுக்குப் போகிறேன். அங்கே வந்து நிற்காதீர்கள்.

எனக்காகத்தான் செய்தீர்கள், தெரிகிறது. ஆனால் இனி நீங்கள் எதைக் கையில் கொடுத்தாலும், எதை எடுத்து வைத்துக்கொண்டீர்கள் என்றுதான் தேடுவேன். அப்படி என்னால் குடும்பம் நடத்த முடியாது.

அன்றைக்கு ஆறு வந்திருந்தாலும் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பேன்.