டோரத்தி உட்கார்ந்த ஞாயிறு

1974 பிப்ரவரி 12, செவ்வாய்
தொடரின் நான்காவது வருஷமும் தொடங்கிவிட்டது. ஒத்திகை வழக்கம்போல் தேவாலயக் கூடத்தில். தரையில் வெள்ளை நாடா ஒட்டி, இது கதவு, இது சமையலறை என்கிறார்கள். கிளிஃபர்ட் ஹானே லண்டன் நாடகக் கொட்டகைகளில் காலமெல்லாம் மாமியார் ஜோக் சொல்லிப் பிழைத்தவர். அவருக்குப் பின்னால் ஒரு சோபாவைப் போட்டு, பக்கத்தில் மனைவி டோரத்தி என்று என்னை நிறுத்திவிட்டால் அது தொலைக்காட்சியின் புதுவகை நகைச்சுவையாம். குடும்பக் கதையாம். ஜோக் அதே ஜோக்தான்.

என் வசனம்: "டீ ஆறிப்போகுது." சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும்.

கதை எழுதும் நெவிலிடம் கேட்டேன். "இவளுக்கு என்னதான் வேணும் நெவில்?"

"யாருக்கு?" என்றார்.

பிப்ரவரி 24, ஞாயிறு
பதிவு. எதிரே உட்கார்ந்து சிரிக்கவென்றே பஸ் வைத்துக் கூட்டி வந்த கூட்டம். கிளிஃபர்ட் என் சமையலைக் கிண்டலடிக்க ஆரம்பித்தார். டீயை வைத்தேன். போகவில்லை. ஏன்? தெரியவில்லை — கால் வரவில்லை. சோபாவில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன். ஜோக்கை முடித்தார். ஒரு சத்தமும் இல்லை. பிறகு முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அரங்கமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அந்த மனுஷனுக்குக் கடைசிவரை புரியவில்லை. பாவம் என்று எழுத மனசு வரவில்லை.

பிப்ரவரி 25
"ஏம்மா எனிட், உன்னை யாரு உக்காரச் சொன்னது? சனங்க என்னைப் பாக்கத்தான் வர்றாங்க."

"நானும் உங்களைத்தானே கிளிஃபர்ட் பாத்துக்கிட்டிருந்தேன்."

மார்ச் 8
ஒளிபரப்பில் பார்த்தேன். நான் உட்கார்ந்ததை வெட்டிவிட்டார்கள். அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்து அவர் ஜோக்குக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். திருட்டுப் பசங்க. என் சிரிப்புடா அது.

மார்ச் 11
அடுத்த வாரக் கதையில் டோரத்தி இல்லை. மார்கேட் என்ற கடற்கரை ஊரில் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

"எப்ப திரும்பி வருவா?"

நெவில் தன் ஷூவைப் பார்த்தார். "கிளிஃபர்ட்தான் சொல்லணும்."

முதுகெலும்பில்லாத ஜன்மம்.

ஜூன் 3
கம்பளி நூல் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. இன்று நூல் வாங்க வந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தாளை விட்டுட்டுப் போனீங்க பாருங்க, ரொம்ப சரி. எங்க வீட்டுல எல்லாரும் அதைத்தான் சொல்றோம்."

விட்டுவிட்டுப் போனதாக யார் எழுதினார்கள்? யாரும் எழுதவில்லை. பார்த்தவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

செப்டம்பர் 19
கிளிஃபர்டின் தொடரை நிறுத்திவிட்டார்கள். நெவில் கடைக்கே வந்தார், புதிதாக எழுதிய கதையோடு. மார்கேட்டில் ஒரு வீடு. டோரத்தி, அவள் அக்கா. பக்கம் பக்கமாக ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை.

"இதுல ஒரு ஜோக்கும் இல்லையே."

"இல்ல. ரெண்டு பேருக்கும் போக வேற இடம் இல்ல. அவ்வளவுதான் கதை."

இவ்வளவு காலம் கழித்து இவருக்கு உதித்த ஞானம். வாங்கிக்கொண்டேன்.

1975 ஜனவரி 26, ஞாயிறு
முதல் பதிவு. அக்காவாக மியூரியல் போஸ்டாக். ஜன்னல் சண்டையில் எழுந்த சிரிப்பு அடங்கவே இல்லை. நான் மியூரியலை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றேன். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று புருவத்தைக்கூடத் தூக்கினேன். வந்தது.

"எனிட், நான் இங்க இருக்கேன்" என்றாள் மியூரியல், உதடு அசையாமல்.