தெரிந்த ஒருவருக்காக

ஆகஸ்ட் 3, வியாழன்

பைபிள் படிப்பு இன்று நர்ஸ் வீட்டில். ஏழு பேருக்கு ஐந்து நாற்காலி. நானும் பஸ் டிரைவரும் கட்டில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டோம். டிரைவர்தான் குழுவை நடத்துகிறவர். பகல் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் எங்களையும் அதே பொறுமையோடு மேய்க்கிறார். பைபிளில் உள்ள பாட்டுகளான சங்கீதங்களைத் தொடங்கியிருக்கிறோம். கண்ணாடிக்கடைக்காரர் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்பார். அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் அகராதி. அவர் புண்ணியத்தில் இன்று நாலு வசனம் தாண்டவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் போக ஆரம்பித்தவன் நான். இப்போது வியாழக்கிழமை வந்தால் லிஃப்ட் ரிப்பேர் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு ஓடிவரப் பார்க்கிறேன்.

ஜெபம்தான் இடிக்கிறது. கடைசியில் ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிப்பார்கள். என் மனைவி ஜெபித்தால் நர்ஸுக்குக் கண் கலங்கிவிடும். என் முறை வந்தால் தொண்டையைச் செருமி அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன்.

வண்டியில் திரும்பும்போது அவளிடம் சொல்லியே விட்டேன். "ஜெபம் பண்றப்ப எனக்குள்ள ஒண்ணுமே தோணலை. சுவத்துக்கிட்ட பேசற மாதிரி இருக்கு." வீட்டுக்குள் வந்ததும், "சட்டையைக் கழட்டிப் போடுங்க, துவைக்கணும்" என்றாள்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஆராதனை. கோழிக் குழம்பு. நல்ல தூக்கம்.

ஆகஸ்ட் 10, வியாழன்

கூட்டம் எங்கள் வீட்டில். குழுவில் ஒரு பழக்கம் உண்டு. படிப்பு முடிந்ததும் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரவர் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்' என்றால் போதும். யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இன்று என் மனைவி சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஜெபமே வரலை. வாய் பேசுது, உள்ளே ஒண்ணும் இல்லை. அதுக்காக ஜெபிச்சுக்கோங்க."

ஐந்து தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு ஐந்தும் நாகரிகமாகத் தரையைப் பார்த்தன. 'எங்கள் நடுவில் சோர்ந்துபோயிருக்கிற அந்த ஆத்துமாவுக்காக' அகராதி உருகி உருகி ஜெபித்தார். தோளில் கை வேறு. யார் தோளில் என்று எழுத வேண்டுமா?

ஆகஸ்ட் 11, வெள்ளி

எப்படி மனசு வந்துச்சு இவளுக்கு? வண்டியில வச்சு அவகிட்ட மட்டும் சொன்னது. ஒரு வாரம்கூடத் தாங்கலை, கொண்டுபோய் நடுக்கூடத்துல கொட்டிட்டா. ஒருத்தராம், தெரிஞ்ச ஒருத்தராம் — ஊருக்கே தெரியும் அந்த ஒருத்தர் யாருன்னு. இனிமே யாரை நம்பி எதைச் சொல்றது?

அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள். அப்புறம் நானே சமாதானமும் சொல்ல வேண்டியிருக்கும். 'உப்பு எங்க', 'பால் வந்தாச்சா' — பேச்சு அதோடு சரி. அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. செய்வதையும் செய்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

அகராதி போனில் செய்தி அனுப்பியிருக்கிறார். இன்று எனக்காக உபவாசமாம். அவர் பட்டினி கிடக்கும் நேரத்தில் நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

ஆகஸ்ட் 17, வியாழன்

கூட்டத்துக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். பொய்யாகிவிடக் கூடாதே என்று, அடுத்த வாரம் பார்க்க வேண்டிய ஒரு பழைய குடியிருப்புக்கு இன்றே போனேன். அங்கே லிஃப்ட் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. உள்ளே யாரோ சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரொம்ப நாளாக எங்கள் ஆபீஸுக்கு ஒரு புகார்கூட வரவில்லை.

"ஏங்க யாரும் போன் பண்ணலை?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"முன்னாடி பண்ணாங்க. இனிமே யாரு வரப்போறாங்கன்னு விட்டுட்டாங்க. படிக்கட்டு பழகிப்போச்சு சார்."

மாடிமாடியாக ஏறிப் பார்த்தேன். மூட்டுவலி உள்ள ஒரு பெரியவர் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, வழி விடுவதற்காக நகர்ந்துகொண்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 19, சனி

ஆறாம் மாடி டீச்சரம்மாவிடம் இன்றும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் லேசாக முனகினாலே போன் வந்துவிடும். "என்ன, தூங்கிட்டீங்களா? நான் ஒருத்தி இங்க இருக்கேன்னு ஞாபகம் இருக்கா?" இதே வசனம்தான், வருடக்கணக்காக.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

மத்தியானம் அவள் தூங்கும்போது, விட்டுப்போன சங்கீதங்களை நானே புரட்டினேன். ஒரு இடத்தில் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தூங்குகிறீர், எங்களை மறந்துவிட்டீரா என்று ஆண்டவரிடமே கேட்டிருக்கிறான் ஒருவன். அச்சு அசல் டீச்சரம்மா.

உட்கார்ந்து யோசித்தேன். வாய்க்கு வந்தபடி பேசுவாரே தவிர, நான் வரமாட்டேன் என்று அந்த அம்மா ஒருநாளும் நினைத்ததில்லை. வருவேன் என்பதால்தான் திட்டுகிறார். அந்தப் பழைய குடியிருப்பில் யாரும் திட்டவில்லை, மரியாதையாகப் படியேறிக்கொண்டிருக்கிறார்கள். நான் இத்தனை நாள் கூட்டத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தது அப்படித்தானோ?

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு புகார் சொல்லிப் பார்த்தேன். மனைவியைப் பற்றித்தான். 'நீரே பாரும், இவள் செய்தது சரியா?' என்று ஆரம்பித்து, எங்கெங்கோ போய், அம்மா செத்தபோது நான் அழாதது வரை வந்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். சுவரிடம் பேசிய மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

கூட்டத்துக்குப் போகலாம் என்று சட்டை மாற்றிக்கொண்டு நின்றேன். அவள் கிளம்பவே இல்லை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வரலையா?"

"தலைவலி. போன வாரமும் போகலை. நீங்க வேலைன்னு கிளம்பினதும் மாடியில போய் உக்காந்துட்டேன்."

இவள் கூட்டத்துக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலோடு போனவள். உட்கார்ந்தேன். அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "நான் உன்கிட்ட சொன்னதை ஏன் அங்க போய்ச் சொன்னே?"

மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். "உங்களைச் சொல்லலைங்க. என்னைச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"ரொம்ப நாளாவே இப்படித்தான். எல்லாரும் என்னைத்தான் ஜெபிக்கச் சொல்றாங்க, வார்த்தை தன்னால வருது. உள்ளே வெறும் இருட்டு. அன்னிக்கு வண்டியில நீங்க பட்டுன்னு சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கும் சொல்லிடலாம்னு தைரியம் வந்துச்சு. பேரு போட்டுச் சொல்ற தைரியம்தான் வரலை. எல்லாரும் உங்களைப் பாத்தாங்க. நான் வாயைத் திறக்காம இருந்துட்டேன். அதுதாங்க என்னைக் கொல்லுது."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரே கட்டிலில் ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேர் இருந்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை அவளைப் பற்றிக் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குகிறேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

டிரைவர் வீடு. நான் எதுவும் சொல்லித்தரவில்லை. முறை வந்ததும் அவளே, "அன்னிக்கு நான் சொன்ன அந்த ஒருத்தர் நான்தான். இவர் இல்லை" என்றாள்.

அகராதிதான் முதலில் பேசினார். "அப்ப அண்ணனுக்காக நான் இருந்த உபவாசம்?"

"அக்கா பேருக்கு மாத்திடுங்க" என்றார் டிரைவர். அவளே சிரித்துவிட்டாள். நர்ஸ் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்தா எனக்கும் இதே கதைதான்க்கா. உங்களைப் பாத்துதான் நான் தேத்திக்குவேன்" என்றாள். டிரைவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "யாரு ஜெபிக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எல்லாரும் வழக்கப்படி என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஆரம்பித்தேன். இவள் உம்மைத் தேடாத நாளில்லை, ஏன் இவளைக் காக்க வைக்கிறீர் என்று கேட்டேன். கேட்பதைக் கேட்டுவிட்டு எப்படி முடிப்பது என்று தெரியாமல், "நாங்க இங்கதான் இருக்கோம்" என்றேன்.

செப்டம்பர் 6, புதன்

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்காருகிறோம். நான் பேசுகிறேன். அவள் கண்ணை மூடிக் கேட்கிறாள்.

"ஏதாவது தோணுச்சா?" என்று இன்று கேட்டேன்.

"இல்லைங்க."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே வந்தாள்.

"நாளைக்கும் என்னைப் பத்திக் கேளுங்க. நீங்க கேக்கறப்ப, கேட்டா கிடைக்கும்போல இருக்கு."