பயம் என்கிற ஒரே சொல்

12 ஜூலை 71, திங்கள்

காலையிலிருந்து காற்று. தங்கச் சுரங்கத்துக் கழிவான சயனைடு மேட்டுத் தூள் கண், மூக்கு, காபி எல்லாவற்றிலும். காயப்போட்ட வெள்ளைப் புடவை சாம்பல் நிறமாகிவிட்டது. வீட்டுக்கார அம்மாள், "இங்க வெள்ள கட்டாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றாள். சொல்லவே இல்லை.

இன்று புது ஆள். முனிசாமி (இனி மு.). சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டு கொடுக்கிற வேலை. ஷிப்ட் முடிந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜிலிருந்து வெளியே வந்தவர் அப்படியே சாய்ந்தாராம். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் தேறிவிட்டது. பேச்சுக்கு நான். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார், அதனால் வீட்டுக்கே போகச் சொன்னார் டாக்டர்.

கம்பெனி கொடுத்த லைன் வீடு. ஒரே அறை. மனைவி பச்சையம்மாள் (ப.) என்னை டீச்சரம்மா என்கிறாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள், டீச்சர் இல்லை என்று திருத்தினேன். "சரிங்க டீச்சரம்மா."

மு.விடம் மிச்சமிருப்பது ஒரே சொல். பயம். பெயர் என்ன? பயம். சாப்பிட்டீர்களா? பயம். கண்ணாடியைக் காட்டினால் அதற்கும் பயம். என்னத்தைப் பார்த்தாரோ அந்தப் பூமிக்கடியில். மனசு கனத்துப்போனது.

நடுவில் ப. ஓடிப்போய் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்தாள். நல்ல உபசாரம். வாங்கிச் சாப்பிட்டேன். மு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

13, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னேன், மனிதர் பயத்திலேயே இருக்கிறார் என்று. அவர் உடனே, "அப்போ லாம்ப் ரூம் வேலைக்குக்கூட லாயக்கில்லை" என்றார்.

விஷயம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மு.வுக்குத் தரைமேலேயே, சுரங்க விளக்குகளை எடுத்துக் கொடுக்கிற லேசான வேலை தருவதாகக் கம்பெனியில் பேச்சு. சொன்னது புரிய வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும். அதற்கு என் ரிப்போர்ட் வேண்டும். வேலை இல்லை என்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

நான் எதற்கு வாயைத் திறந்தேன்? அடுத்த செவ்வாய்க்குள் முடிவாகச் சொல்கிறேன் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய், குடைக்கு ஒரு கம்பி, அம்மாவுக்குக் கார்டு.

15, வியாழன்

சாரல். பஸ்ஸில் கண்டக்டர் கன்னடத்தில் திட்ட, ஒரு அம்மாள் தெலுங்கில் பதில் சொல்ல, பின்னாலிருந்தவர் தமிழில் சமாதானம் செய்தார். மூவருக்கும் எல்லாம் புரிந்தது. எனக்குப் பாதி.

படச் சீட்டுகள் காட்டினேன். மாடு: பயம். குடை: பயம். வாழைப்பழம்: பயம்! கண்ணில் ஒரு வெளிச்சம். பழத்தைப் பார்த்துமா பயம் என்று குறித்துக்கொண்டேன். ப. எட்டிப் பார்த்தாள்.

"சரியாத்தான சொல்றாரு?"

"எங்கே? இது பழம். அவர் பயம்ங்கிறார்."

"ஆமா, பயம்."

"பயம் இல்லைம்மா, பழம்."

"அதான் டீச்சரம்மா நானும் சொல்றேன். பயம். வாயப்பயம். தலகாணிக்குக் கீய கூட ஒண்ணு வெச்சிக்கிறாரு பாருங்கோ."

பார்த்தேன். இருந்தது.

இந்த ஊர் நாக்கில் ழ கிடையாது! தஞ்சாவூர்க்காரி நான் இத்தனை மாதமாக இங்கே காது வைத்துக்கொண்டு என்ன செய்தேன்? அவர் பயம் என்றபோதெல்லாம் இவள் ஆண்டர்சன்பேட்டைக் கடைக்கு ஓடிப் பழம் வாங்கியிருக்கிறாள். திங்கட்கிழமை அவருடைய பழத்தை நான் தின்றிருக்கிறேன். வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. பயமில்லை, பழம்! டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாம்.

அதற்குள் ஏர் பிளாஸ்ட். கீழே எங்கோ பாறை வெடித்து வீடே ஒரு தடவை குலுங்கியது. தட்டு டம்ளரெல்லாம் தரையில். மு. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "பயம், பயம்."

ப. பழத்தை நீட்டினாள். தட்டிவிட்டார்.

அப்போ இது எந்தப் பயம்?

16, வெள்ளி

மழை. வேறு இரண்டு வீடு. மனம் அங்கே இல்லை. ஒரு திக்குவாய்ப் பெண்ணுக்கு நேற்றைய பாடத்தையே மறுபடி நடத்தினேன். அவள் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

17, சனி

ப.வுக்கு ழ சொல்லிக்கொடுத்தேன்! அவள் கேட்டதுதான். "எனுக்கு வந்துச்சின்னா அவுர தனித்தனியா கேட்டுருவேன்ல?" நல்ல யோசனை என்றுதான் பட்டது. கண்ணாடி முன்னால் உட்காரவைத்து நாக்கை மடிக்கச் சொன்னேன். பளம். பஷம். "எச்சிதான் ஊத்துது டீச்சரம்மா!" பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று சிரிக்க, ஒருத்தி தானும் முயன்று இருமினாள்.

கணவனை விட்டுவிட்டு மனைவிக்குச் சிகிச்சை. மைசூரில் எனக்குப் பாடம் நடத்தியவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

19, திங்கள்

ப. தயார். ஞாயிறு பூராவும் பழகினாளாம். மு. எதிரில் உட்கார்ந்து, முழு மூச்சாக, "பழமா?"

அழகான ழ. மு. அவள் வாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். நான் பார்க்க முதல் சிரிப்பு. அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, அவருக்கு எப்படிப் புரியும்?

"பயமா?" தலையாட்டினார். எந்தப் பயத்துக்கு ஆட்டினார்? கடவுளே.

பழம் என்று எழுதினால் வேலை உண்டு, வீடு உண்டு. ஆனால் மனிதர் நிஜமாகவே நடுங்குகிறார் என்றால்? லாம்ப் ரூம் சுரங்க வாயான ஷாஃப்ட் பக்கத்திலேயே இருக்கிறது. தினம் கேஜ் ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். வீடு போகட்டும் என்று சொல்ல நான் யார், வேலைக்கு அனுப்பு என்று சொல்லத்தான் நான் யார்? தலை வலி.

20, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. காலையிலேயே போனேன். ப. என்னை முந்திக்கொண்டு வேறு சொல் போட்டுக் கேட்டாள். எனக்கு ஏன் தோன்றவில்லை?

"ஏங்க, கிலியா இருக்குதா? லாம்ப் ரூமு மேலதாங்க. கீய போவ வேணாம்."

மு. தலையணைக்கடியிலிருந்து பழத்தை எடுத்தார். வலது கையாலேயே, தட்டுத்தடுமாறி, உரித்தார். அவள் கையில் வைத்தார்.

"பயம்."

வாய் கோணி, உதடு குவிந்து, வெகுநேரம் கழித்து, "உனுக்கு."

ப. தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஆமாங்க. எனுக்குத்தான். நீங்க சாஞ்ச அன்னிலேர்ந்து எனுக்குத்தாங்க பயம். வீடு பூடுச்சின்னா உங்கள இட்டுனு நான் எங்க போவேன்?"

அவர் அவள் கையைத் தள்ளி வாய்ப்பக்கம் கொண்டுபோனார்.

"துன்னு."

அழுதுகொண்டே தின்றாள்.

மதியம் ரிப்போர்ட் கொடுத்தேன். சொன்னது புரிகிறது, சொல் சேர்த்துப் பேசத் தொடங்கிவிட்டார், லாம்ப் ரூமில் வைத்துப் பார்க்கலாம். டாக்டர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, "சரி, அந்தப் பயம் என்ன ஆச்சு?" என்றார்.

"மனைவிக்குக் கொடுத்துவிட்டார் சார்" என்றேன்.