கடையில் மாட்டிய பச்சைத் தாள்

டாக்கா, புதன்

அப்பாவுக்கு சலாம். நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே எங்கள் கண் ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. மோக்லெஸ் சாச்சா என்ற படகோட்டி வந்தார். கண் நரம்பை அளக்கும் புது இயந்திரம் போன வருடம் தந்த தாளை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். "எல்லாம் பச்சை தம்பி! அப்புறம் எதுக்குச் சொட்டு மருந்து? நிறுத்திட்டேன்."

இந்த முறையும் பச்சைதான், அதாவது கோளாறு இல்லையாம். கண்ணின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் பழைய கேமராவிலும் எடுத்தேன். நரம்பின் ஓரத்தில் நூல் போல ரத்தக்கசிவு. இயந்திரம் நரம்பின் தடிமனைத்தான் அளக்கும். ரத்தம் அதற்குத் தெரியாது. கண் அழுத்த நோய் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

டாக்டர் படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "யாருடா இதைக் கேக்கறாங்க? ஜனங்களுக்குக் கலர் தாள்தான் வேணும்." மாதக் கடைசியில் கேமராவை மூட்டை கட்டுகிறார்கள்.

நான் ஊரார் கண்ணைப் படம் பிடிக்கிறேன். நீங்களோ என்னைக் கேட்காமல் கண் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, "பச்சைன்னா நல்லதுதானேடா" என்று எழுதுகிறீர்கள். அதே இயந்திரம் தந்ததென்று உங்கள் கடையில் மாட்டியிருக்கும் பச்சைத் தாளைக் கழற்றிவிட்டு, கேமரா இருக்கும்போதே வாருங்கள். கொஞ்சம் பொரியும் பனைவெல்லமும் கொண்டுவாருங்கள். அறையில் இன்னொரு கட்டில் சும்மாதான் கிடக்கிறது.

கூப்பிடுகிறார்கள். மருந்தை இன்றே போடுங்கள்.

தௌஹித்