காமுவின் கோப்புகள்

9 மார்ச் 1987, திங்கள்

கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஸ்கிரிப்ட் முடிந்தது. நிரல்களில் செய்யும் மாற்றங்களை, எல்லோர் நிரல்களும் சேமித்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க இனி யாரும் கையால் கட்டளை தட்ட வேண்டாம். மாலை ஆறுக்குத் தானாக ஓடும். சேர்த்ததும் அவரவர் கணக்கில் இருக்கும் வேலைப் பிரதியை அழித்துவிடும். கூட நிரல் எழுதும் காமுவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அப்போ நான் கிளம்பலாமா? இது பாத்துக்குமா?”

பார்த்துக்கொள்ளும் என்றேன்.

10 மார்ச்

காமுவின் கோப்புகளைக் காணவில்லை. சணல் ஆலைக்கான ஷிப்ட் அட்டவணை நிரல், ஐந்து நாள் உழைப்பு. களஞ்சியத்திலும் இல்லை, காப்புக்கு நகலெடுக்கும் டேப்பிலும் இல்லை. மற்றவர்கள் பழக்கத்தில் கையாலேயே சேர்த்திருந்ததால் தப்பித்தார்கள்.

மேலாளர் கோஷ் பாபு கேட்டபோது, “தப்பான இடத்தில் வைத்திருப்பாள்” என்றேன். ஏன் சொன்னேன்? அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

11 மார்ச்

காமுவை நிரல் வேலையிலிருந்து இறக்கி டேட்டா என்ட்ரிக்கு மாற்றிவிட்டார்கள்.

12 மார்ச்

கட்டளையைக் கையால் தட்டினால் வேலை செய்கிறது. ஸ்கிரிப்ட்டை நானே ஓட்டினாலும் செய்கிறது. தானாக ஓடும்போது மட்டும் இல்லை.

பிழைச் செய்திகள் தொந்தரவென்று நான்தான் வரவிடாமல் அடைத்திருந்தேன். இன்று திறந்துவிட்டேன். ஒரே வரி: கட்டளை கிடைக்கவில்லை. தானாக ஓடுகையில் அந்தக் கட்டளை எங்கே இருக்கிறதென்று கணினிக்குத் தெரியாது. முழுப் பாதையையும் எழுதியிருக்க வேண்டும். சேர்ந்ததா என்று பார்க்காமலே அழிக்கவும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சேர்க்கவில்லை. அழித்தது. நான்தான். வேறு யாருமில்லை.

14 மார்ச்

நேற்றும் சொல்லவில்லை. இன்றும் இல்லை. என்ன மனுஷன்டா நீ.

15 மார்ச், ஞாயிறு

காளிகாட்டில் காமுவின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ராஜம் மாமி காபி கொடுத்தார். “ஆபீஸ்லேர்ந்து நீங்க ஒருத்தர்தான் வந்து பாத்தேள்” என்றார். டம்ளரைக் கீழே வைத்தேன்.

மாமி உள்ளே போனதும் காமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஸ்கிரிப்ட் அச்சிட்ட தாளை வாங்கிக் கடைசி வரி வரை படித்தாள்.

“தப்பு யாருக்கும் வரும். அன்னிக்கு உங்க முகத்தையே பாத்துண்டு நின்னேன், வாஞ்சிநாதன். நீங்க சொல்லித்தான் ஸ்கிரிப்ட்டை நம்பிக் கிளம்பினேன்னு சொல்லிடுவேள்னு நெனச்சேன்.”

16 மார்ச்

கோஷ் பாபுவிடம், எல்லோர் முன்னாலும், சொன்னேன். ஸ்கிரிப்ட்டின் பிழையையும் என் பொய்யையும். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

23 மார்ச்

காமு தன் இடத்துக்கு வந்துவிட்டாள். ஸ்கிரிப்ட் இப்போது அவள் பொறுப்பு. டேட்டா என்ட்ரியில் நான்.

மத்தியானம் ஒரு வரியில் சந்தேகம் கேட்க வந்தாள். இந்த அலுவலகத்தில் தமிழர் நாங்கள் இருவர்தான்; எங்களுக்குள் தமிழில்தான் பேசுவோம். இன்று வங்காள மொழியில் கேட்டாள். நானும் வங்காள மொழியிலேயே பதில் சொன்னேன்.