செல்லாயிக்கு லீவு

ஐப்பசி 5, திங்கள்
வெள்ளைக்காரத் துரை கப்பலேறி, தேயிலைத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருஷம். விடாத மழை. விறகெல்லாம் ஈரம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மருமகள் மாரியாயி எழுதுகிறாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நான் காவல்காரன். வார்டு கூட்டிய செல்லாயியின் கேஸ் பதுளைக் கோர்ட்டில் தீர்ந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்தியது தப்பாம். வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டாள். பதிலுக்கு ஆள் நிறுத்தாமல் இங்கே லீவு கிடையாது. ஆள் வைக்காமலே போனாள். டாக்டரய்யா நேரில் சொல்லாமல் ஆள்விட்டு அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அதுதான் கேஸ்.

தீர்ப்பு வருமுன்னே, ஆடியிலேயே செல்லாயி செத்துவிட்டாள். கோர்ட்டுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்
புதுத் துரை பயந்த சுபாவம். தீர்ப்புப்படி முதலில் வேலை கொடுங்கள், பதிவிலிருந்து பேரைப் பிறகு வெட்டலாம் என்றாராம். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் டாக்டரய்யா அவள் பேரைக் கூப்பிட்டார். கூப்பிட்ட பேருக்கு வேலை போட்டாக வேண்டும். விளக்குமாறும் வாளியும் வார்டு வாசலில். பேர் பதியாமல் கைக்காசுக்கு இதுவரை வார்டு கூட்டிய மாரியாயியைத் திருப்பி அனுப்பினார்கள்.

மத்தியானம் பார்த்தால் தரை ஈரம். கூட்டித் துடைத்திருந்தது. வாளி இடம் மாறவில்லை. மருத்துவச்சி சிரித்தாள்: "சம்பளம் கேக்காத ஆளு. இவளத்தான் வச்சுக்கணும்."

புதன்
உப்பு இல்லை. முதுகு வலி. எனக்கு வயதாகிவிட்டது, தை பிறந்தால் வேலை இல்லை. மாரியாயி பேர் பதிந்தால்தான் குடியிருக்கும் லயத்துக் காம்பிரா எங்களுக்கு நிற்கும். செல்லாயி பேர் இருக்கும்வரை இடம் காலியில்லை.

வார்டு இன்றும் சுத்தம்.

வியாழன்
பேரை வெட்டச் சொல்லி டாக்டரய்யாவிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், சட்டம் பேசுவார். "முகத்தைப் பாத்துச் சொல்லாமல்தானே தோத்தனான். இந்த முறை நேரிலயே சொல்லுறன்."

விளையாட்டுக்கு என்று நினைத்தேன். சாயங்காலம் வார்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே நோயாளி யாரும் இல்லை. அவர் குரல் மட்டும், விட்டு விட்டு. பதில் கேட்பவர் மாதிரி.

வெளியே வந்தார். முகத்தில் ரத்தமில்லை.
"வேலையை விடமாட்டாளாம். லீவுதான் வேணுமாம். குடுத்திட்டன்."
"பதிலுக்கு ஆளுங்க?"
"என்ர பேரைச் சொன்னாள்."

வெள்ளி
பெரட்டில் முதலில் செல்லாயி லீவு என்றார். பிறகு தன் பேரைத் தானே கூப்பிட்டு, தானே ஆமாம் என்றார். யாரும் சிரிக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானம் மருத்துவச்சி போய்ப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இல்லை. தரை கூட்டி முடிந்திருந்தது.

ஞாயிறு
டாக்டரய்யாவை வைத்த பெட்டியை யாழ்ப்பாணத்துக்குப் பதுளையில் ரயிலேற்றினோம். பனி. ஆற்றுச் சத்தம் மட்டும்.

திங்கள்
துரை செல்லாயி பேரை வெட்டவில்லை. லீவில் உள்ளவளை நிறுத்தினால் இன்னொரு கேஸ் வருமாம். பதிலுக்கு மாரியாயி நிற்கட்டும், காம்பிரா தருகிறேன் என்றார். காலையில் மாரியாயி பேரைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல, ஆமாங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நாளையிலிருந்து வேலை. "வேற எங்க போய்ப் படுப்போம் மாமா?"

அந்த வேலைக்குப் பேர் கூப்பிடப்பட்டவர்கள் செல்லாயி, டாக்டரய்யா, மாரியாயி. உயிரோடு இருப்பது மாரியாயி.